ஊரவையிற் பேசும் உரிமை

திருநெல்வேலி நகருக்கு வடக்கே, சங்கரன்கோயிலுக்குச் செல்லும் பெருவழியில், மானூர் என்னும் ஊர் உளது. மாறஞ்சடையன் என்னும் பாண்டியனது 35ஆம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பெற்ற வட்டெழுத்துச் சாசனம் ஒன்று அவ்வூரிற் கிடைத்துள்ளது. அது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்ததென ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். உத்தரமேரூர்ச் சாசனங்கள் பெற்ற புகழை இது பெற்றிலது. குடவோலையைப் பற்றிக் கேள்வியுறாத மாணவர் இலர். மானூரைப் பற்றி அறிந்த ஆசிரியரே சிலர். எனினும், ஊரவையில் எழுந்து பேசுதற்குரியார் யார், அவர் எத்துணை பேசலாம் என்னும் வினாவை நேர்முகமாக எடுத்துக்கொண்ட பழைய தமிழ்நாட்டுச் சாசனம் எதுவென வினவின், யாம் முதலிற் காட்டத்தக்கது இதுவே.

அக்காலத்து இவ்வூர் மானநிலைநல்லூர் எனப்பட்ட பிரமதேயம். ஊரின் நிலம் பங்குகளாக வகுக்கப்பட்டிருந்தது. பங்குடையாரின் மக்களுள் நல்லொழுக்கமுடையவனாய், மந்திரப் பிராமணமும் ஒரு தருமநூலும் கற்றவனாயுள்ள ஒருவனே அப்பங்கின் பொருட்டு அவையில் அமரலாம் என்பது சபையார் வகுத்த விதிகளுள் ஒன்று. விலைக்கு வாங்கிய பங்கு, கொடையாகப் பெற்ற பங்கு, மனைவிவழி வந்த பங்கு ஆகியவற்றுக்கும் தனித்தனி விதி உண்டு. அவையில் ஒருவனுக்குள்ள இடத்தைச் சாசனம் 'சிராவணை' என்னும் சொல்லாற் குறிக்கின்றது. முழுச் சிராவணையே செல்லும். காற் சிராவணை, அரைச் சிராவணை, முக்காற் சிராவணை என்பன செல்லா. பங்கு துண்டுபடலாம், குரல் துண்டுபடலாகாது என்பதே இதன் கருத்தாதல் வேண்டும். சிராவணை என்னுஞ் சொல் கேட்டலைப் பொருளாகவுடைய வடமொழி அடியினின்றும் பிறந்தது. அவையிற் பேசும் உரிமைக்கு அவர்கள் இட்ட பெயர் கேட்டலின் பெயராயிருத்தல் நம் சிந்தனைக்குரியது.

அடுத்து வரும் விதியே நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. தகுதி யாவும் பெற்று அவையேறியவர், அங்கே கொண்டுவரப்படும் காரியம் ஒவ்வொன்றுக்கும் 'அன்று, அன்று' என்று மறுத்து நின்று சபையை நடைபெறவொட்டாது தடுத்தலாகாது. அவ்வாறு செய்வாரும் அவருக்குத் துணை நிற்பாரும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும். இறுத்த பின்னரும் இவ்விதிகளுக்கு உட்பட்டே ஒழுகல் வேண்டும்.

இவ்விதியை இருவேறு வகையாகப் பொருள்கொள்ளலாம். மாறுபட்ட கருத்தை அடக்குதற்குப் பெரும்பான்மையோர் கண்ட சூழ்ச்சி இது என்பார் உளர். யாம் அவ்வாறு கருதேம். தண்டம் விதிக்கப்பட்டது ஒருமுறை மறுத்தவனுக்கன்று. எதனையும் மறுத்தலையே தொழிலாகக் கொண்டவனுக்கு. அன்றியும், தண்டம் இறுத்தவன் அவையினின்றும் நீக்கப்பட்டான் என்று சாசனம் கூறவில்லை. காசைக் கொடுத்துவிட்டு மறுநாளும் அவன் வந்து அமரலாம். ஆயினும், எது நியாயமான மறுப்பு, எது வீண்முட்டு என்பதைத் தீர்மானிப்பவர் யார்? அதே சபையாரே. இவ்விடத்து விதியின் பலவீனம் புலனாகும். தன்னை எதிர்ப்பவனைத் தானே தண்டிக்கும் அதிகாரம் எந்த அவைக்கும் ஆபத்தானதே.

இங்கே நம்மவரிற் பலர் மேடைகளிற் கூறும் ஒரு பெருமையைச் சிறிது நிறுத்து நோக்குதல் தகும். ஆயிரமாண்டுகளுக்கு முன்னரே நம் ஊர்களிற் குடியாட்சி தழைத்தது என்பர். தழைத்தது உண்மை; எவர்க்குத் தழைத்தது என்பதையும் உடன் கூறல் வேண்டும். மானூர் அவையில் வேதங் கற்ற பங்குடையார் இருந்தனர். அவர் நிலத்தை உழுதவர் அங்கே பேசியதாகச் சாசனத்தில் இல்லை. மனைவிவழி வந்த பங்குக்கு விதி உண்டு. அப்பங்கைக் கொணர்ந்தவளுக்கு இடமில்லை. வேளாண் ஊர்களில் 'ஊர்' என்னும் வேறு அவைகள் இருந்தன. ஆயின் இத்தகைய விரிவான விதிகள் பிரமதேயச் சபைகளின் சாசனங்களிலேயே மிகுதியாக நமக்குக் கிடைக்கின்றன. கற்றவர் எழுதிவைத்தனர், மற்றையோர் பேசிச் சென்றனர் போலும்.

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. அவற்றின் முப்பது குடும்புகளையும், கால் வேலி நிலம், சொந்த மனை, வயதெல்லை என்னும் தகுதிகளையும் நம் மாணவர் மனனஞ் செய்துள்ளனராதலின் அவற்றை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. ஒன்றை மட்டும் கூறுவோம். ஓலை எடுக்கும் நாளில் இளையோரும் முதியோருமாகச் சபை முழுவதும் கூடியிருத்தல் வேண்டும். குடம் எல்லாருங் காண உயர்த்திக் காட்டப்படும். உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதனை வாங்கும் கணக்கன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று, உரக்கப் படித்தல் வேண்டும். பின்னர் நம்பிமாரும் அதனைப் படிப்பர். கைக்குள் ஓலையை மாற்றும் வித்தையை அவர்கள் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இவ்விரித்த கையே சான்று. மானூர் பேச்சைக் காத்தது. உத்தரமேரூர் பார்வையைக் காத்தது. இவ்விரண்டும் வெவ்வேறு உரிமைகள் என்பது பிற்காலத்து நிகழ்ச்சிகளாலே தெளிவாகும்.

மேற்றிசையில் அதென்சு நகரத்தார் பினிக்சு என்னும் குன்றிற் கூடினர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஆண்டொன்றுக்கு நாற்பது கூட்டம் நடைபெற்றது. கட்டியங்காரன் எழுந்து, பேச விரும்புவோர் யாவர் எனப் பொதுவிற் கேட்பான். குடியுரிமை உடைய எவனும் மேடையேறலாம். ஐம்பது வயது கடந்தோர் முதலிற் பேசுக என்னும் பழைய முறையும் ஒரு காலத்தில் இருந்தது, கி.மு. 345இல் ஈசுக்கினிசு என்னும் பேச்சாளன் அது கைவிடப்பட்டமைக்கு வருந்தினான். அவன் எடுத்துக்காட்டிய சட்டம் ஒன்று மானூரை நினைப்பூட்டுவது. பொருளை விட்டு விலகிப் பேசுவோர், ஒரே காரியத்தைப் பற்றி இருமுறை பேசுவோர், பிறரை இகழ்வோர் ஆகியோர்க்கு அவைத்தலைவர் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஐம்பது திரக்மா வரை தண்டம் விதிக்கலாம். ஒருவரையொருவர் அறியாத இரு நாட்டார், பன்னூறாண்டு இடையிட்டு, காசினால் நாவைக் கட்ட முயன்றனர். அங்கும் பெண்டிரும் அடிமைகளும் வந்தேறிய குடிகளும் பேசார். அந்நகர நாட்டின் 139 ஊர்ப்பிரிவுகளும் தத்தமக்கென ஊர்க்கூட்டம் உடையனவாயிருந்தன. குன்றேறி ஆயிரக்கணக்கானோர் முன் பேச அஞ்சிய குடியானவன் அங்கே வாய் திறந்திருப்பான் என ஊகிக்கலாம்.

மேற்கூறிய அவைகளில் அமர்ந்தோர் தம் உரிமையால் அமர்ந்தவர். பிரதிநிதிகளாலாய மன்றங்கள் தோன்றியபின் நிலைமை மாறிற்று. வாக்களித்தவன் வெளியே நின்றான். இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் தெரிவுசெய்யப்பட்ட நகரமன்றங்களை அமைத்தது. ஆனால் அம்மன்றக் கூட்டத்துக்குள் நுழைய நகரவாசிக்கு உரிமை உண்டோ என்பது எழுபதாண்டுகளுக்கு மேலாகத் தெளிவுபெறவில்லை. வேல்சு நாட்டுக் கடற்கரையிலுள்ள தென்பி என்னும் சிறு நகரில் அவ்வினா வழக்காயிற்று. மேசன் என்னும் உள்ளூர்ப் பத்திரிகையாளரை மன்றத்தார் வெளியேற்ற, வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. மன்ற உறுப்பினரல்லாத எவருக்கும் கூட்டத்துக்கு வரும் உரிமையில்லை என 1908இல் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பினால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, அவ்வாண்டே பத்திரிகை நிருபரை அனுமதித்தல் வேண்டுமென்னும் சட்டம் நிறைவேறிற்று.

சட்டம் வந்தது, உபாயமும் உடன் வந்தது. மன்றம் முழுவதும் தன்னைக் 'குழு' எனப் பெயர் மாற்றிக்கொண்டால் நிருபரை வெளியேற்றலாம் எனச் சில மன்றத்தார் கண்டனர். ஐம்பதுகளின் இறுதியில், அச்சகத் தொழிலாளர் பிணக்கொன்றின்போது, சில மன்றங்கள் தமக்குப் பிடியாத பத்திரிகைகளின் நிருபரைப் புறத்தே நிறுத்தின. அப்போதுதான் பாராளுமன்றம் புகுந்த மாக்கிறற் தாட்சர் அம்மையார் 1960 பெப்ருவரி 5ஆந் தேதி தம் கன்னிப்பேச்சிலேயே இதற்கு மாற்றாக ஒரு தனியார் மசோதாவை முன்வைத்தார். அது அவ்வாண்டே சட்டமாயிற்று. பத்திரிகையாளரோடு பொதுமக்களும் கூட்டத்துக்கு வரும் உரிமை பெற்றனர். பின்னாளில் அவ்வம்மையார் தலைமையமைச்சராகியபோது அவர்தம் கொள்கைகளை வெறுத்தோரும் இச்சட்டத்தைக் குறை கூறிலர்.

ஆயினும் அவர்கள் பெற்றது யாது? வரலாம், அமரலாம், கேட்கலாம். பேச உரிமையில்லை. பேசவிடுதலும் விடாமையும் அவ்வம் மன்றத்தின் நிலையியற் கட்டளையைப் பொறுத்தது. சில மன்றங்கள் பொதுமக்கள் வினாவுக்கெனச் சில நிமிடங்களை ஒதுக்குகின்றன; சில முன்னறிவித்தல் கேட்கின்றன. இங்கிலாந்தில் வாக்காளன் தன் உரிமையாற் பேசத்தக்க இடமொன்று உண்டு. 1894ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட பங்கூர்க் கூட்டம் ஆண்டுதோறும் வேனிற்றொடக்கத்திற் கூடும். அவ்வூர் வாக்காளர் யாவரும் அங்கே பேசவும் வாக்களிக்கவும் உரியர்.

கேட்டுக்கொண்டிருத்தல் எத்தகைய துன்பம் என்பதை யான் ஒருமுறை நேரிற் கண்டேன். மாணவனாயிருந்த காலத்தில், பெயர் கூற வேண்டாத ஒரு சபையின் பார்வையாளர் வாங்கில் ஒரு பிற்பகல் அமர்ந்திருந்தேன். ஒரு வெள்ளவாய்க்காலைத் திருத்துதல் பற்றி விவாதம் நடந்தது. வாய்க்கால் எத்திசையில் ஓடுகின்றதென்பதில் உறுப்பினர் இருவர் முரண்பட்டனர். என் அருகிலிருந்த முதியவர் அவ்வாய்க்காலின் கரையிலே வாழ்பவர். அவர் எழுந்து, "ஐயா, அது கிழக்கே போறேல்லை" என்று தொடங்கினார். தவிசாளர் மணியைத் தட்டினார். சேவகர் வந்து அவர் தோளைத் தொட்டார். முதியவர் சால்வையை உதறித் தோளிலிட்டுக்கொண்டு இருந்துவிட்டார். வாய்க்கால் கிழக்கே ஓடுவதாகவே தீர்மானம் நிறைவேறிற்று. தவிசாளர் விதியை மீறினாரல்லர், விதியே அவ்வளவுதான்.

இலங்கையின் கதையும் இதன்கண் அடங்கும். பழைய கம்சபை முறை ஆங்கிலராட்சியின் தொடக்கத்தில் நலிந்தது. குளங்கள் தூர்ந்து வயல்கள் பாழாகக் கண்ட அரசினர், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தால், வயலுடையார் கூடித் தத்தம் பழைய வழக்குகளை வரையறுத்துக்கொள்ள இடமளித்தனர். 1865இல் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் எழுந்தன. 1871இல் கிராமச் சங்கங்களுக்கு வழி பிறந்தது. யாழ்ப்பாணம் 1949இல் மாநகர சபை பெற்றது. இன்றைய பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்தன. அச்சட்டம் சபை உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் குழுக்களிற் சேர்த்துக்கொள்ள இடமளிக்கின்றது. இவ்வாயிலை நம்மவர் போதியவளவு தட்டவில்லை என்பது என் எண்ணம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால், தீர்மானம் எவ்வாறு எடுக்கப்பட்டதென எழுத்தாற் கேட்டறியவும் இயலும். அம்முதியவர் காலத்தில் அதுவும் இல்லை.

இந்தியாவில் 1992இல் நிறைவேறி 1993 ஏப்பிரல் 24இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம், வாக்காளர் பட்டியலிலுள்ள ஊரவர் அனைவரையும் கிராம சபை என வகுத்தது. மந்திரப் பிராமணம் கல்லாதவனும், பங்கில்லாதவனும், சீதனமாகப் பங்கு கொணர்ந்தவளும் இன்று மானூர்ப் பகுதியிற் கிராம சபை கூடும் நாளில் எழுந்து பேசலாம். பேசியது குறிப்பேட்டில் ஏறுமோ என்பது வேறு வழக்கு.

நம் நாட்டிற் பொதுமகன் தன் உரிமையாற் பேசும் பழைய அவை ஒன்று இன்னும் அழிந்திலது. அது நகர மண்டபத்திலில்லை. காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னர்க் குளங்கள்தோறும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டமே அது. இரணைமடு போன்ற பெருங்குளத்துக்கு மாவட்டச் செயலாளர் தலைமை தாங்குவார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்து நீரின் அளவைக் கூறுவார். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் மதகு திறப்பது, கட்டாக்காலி மாடுகளை எந்நாளுக்குள் அப்புறப்படுத்துவது என்பன அங்கே முடிவாகும். வாய்க்காலின் கடைக்கோடியில் வயலுடையவன் எழுந்து, தன் வரம்புக்குத் தண்ணீர் வந்துசேர எத்தனை நாளாகுமெனச் சொல்வான். தலைமடைக்காரன் 'அன்று, அன்று' என்பான். ஐந்து காசு தண்டம் அங்கே இல்லை, சத்தம் மிகுதி. ஆனால் வாய்க்கால் எத்திசையில் ஓடுகின்றதென்பதில் மட்டும் ஒருவரும் அங்கே தவறுவதில்லை.