கொடைக்கானல் கோல்ஃப் மைதானம்

மேற்குத் தொடர்ச்சி மலை கிழக்கு நோக்கி ஒரு கிளை விடுகிறது. அதுதான் பழனி மலை. அதன் மேற்பரப்பில், கொடைக்கானல் ஏரியிலிருந்து தூண்பாறைக்குப் போகும் பக்கம், 1895இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் மைதானம் விரிந்து கிடக்கிறது. குழிகள் 18.

ஊர் உருவான வரிசையில் கோல்ஃப் பின்னால்தான் வந்தது. மதுரைச் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் இங்கே இரண்டு பங்களா கட்டினார்கள். 1863இல், மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1887இல் ஆங்கிலேயர் கிளப் வந்தது. தங்க இடமும் பொழுதுபோக்க நீரும் கூடிப்பேச மன்றமும் அமைந்த பிறகுதான் பந்தடிக்க நிலம் தேடினார்கள்.

ஸ்காட்லாந்தின் இந்த ஆட்டம் 1829லேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. இலங்கையின் நுவரெலியாவில் 1889இல் கிளப் தொடங்கியது. குளிர்மலை கண்ட இடமெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு ஸ்காட்லாந்து நினைவு வந்திருக்கிறது. கொடைக்கானல் அந்த ஏக்கத்துக்குத் தோதான இடம். பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி: பழனி மலையின் இயல்பே அது. பந்து உருள மேடு பள்ளத்தை மனிதர் உருவாக்க வேண்டியிருக்கவில்லை. மைதானத்தை அமைத்தார்கள் என்பதைவிட, பொறுக்கி எடுத்தார்கள் என்பதே பொருத்தம்.

வந்து சேர்வதுதான் பாடு. ரயில் 1875 முதல் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. மலைச்சாலையோ 1916இல்தான் போக்குவரத்துக்குத் திறந்தது. அதுவரை பெரியகுளம் பக்கமிருந்து நடை, மட்டக்குதிரை, அல்லது ஆள் சுமக்கும் நாற்காலி. கோல்ஃப் ஆடப் போவதற்குள் நல்ல உடற்பயிற்சி ஆகிவிடும், சுமந்தவர்களுக்கு.

பின்னாளில் மலையின் புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை, பைன், யூகலிப்டஸ் தோட்டங்களுக்குள் மறைந்தது. மரம் நடப்படாமல், திறந்த புல்நிலமாகவே தங்கிவிட்ட இடங்களில் இந்த மைதானமும் ஒன்று. அங்கே காட்டுமாடுகள் மேய வருகின்றன. அவை நகரும் வரை ஆட்டக்காரர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.