கணினியின் வேகம் குறையாமல் பாதுகாப்பு: புதிய ஆன்ட்டி வைரஸ்களால் முடிகிறதா?

"ஆன்ட்டி வைரஸ் போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது" என்ற புலம்பலை நம்மில் பலரும் கேட்டிருப்போம். அதற்குக் கிடைக்கும் முதல் ஆலோசனையும் நமக்குத் தெரிந்ததுதான்: "அதைத் தூக்கிவிடுங்கள், வேகம் தானாக வந்துவிடும்."

வேகம் வரலாம். ஆனால் அதே கணினியில்தான் கடையின் வரவு செலவுக் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ்கள், குடும்பத்தின் பல வருடப் புகைப்படங்கள், இணைய வங்கியின் கடவுச்சொல் எல்லாம் இருக்கின்றன. சில விநாடிகளை மிச்சப்படுத்தப் போய் இவை அனைத்தையும் ஆபத்தில் விடுவது சரியா? வேகமும் பாதுகாப்பும் ஒன்றாகக் கிடைக்குமா? இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

சுருக்கமான பதில்: பெரும்பாலும் முடியும். சுமையே இல்லாத ஆன்ட்டி வைரஸ் கிடையாது. ஆனால் புதிய மென்பொருள்கள் அந்தச் சுமையை நம் கண்ணில் படாத அளவுக்குக் குறைத்துவிட்டன. அதற்கு மேலும் கணினி திணறினால், காரணம் பெரும்பாலும் வேறு எங்கோ இருக்கிறது.

வேகம் ஏன் குறைகிறது?

ஆன்ட்டி வைரஸின் வேலையை அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் நிற்கும் காவலாளியின் வேலைக்கு ஒப்பிடலாம். நாம் ஒரு கோப்பைத் திறக்கும்போதும், நகலெடுக்கும்போதும், ஒரு மென்பொருளை இயக்கும்போதும் அது இடையில் புகுந்து "கொஞ்சம் நில்லுங்கள்" என்கிறது. கோப்பைப் படித்து, தன்னிடம் உள்ள வைரஸ் அடையாளங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வழிவிடுகிறது. ஒரு மென்பொருள் தொடங்கும்போது நூற்றுக்கணக்கான கோப்புகள் திறக்கப்படலாம். ஒவ்வொன்றுக்கும் இந்தச் சோதனை நடந்தால் தாமதம் கூடிக்கொண்டே போகும்.

பாகிஸ்தானின் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய 'பிரெயின்' வைரஸ் 1986-ல் பரவியபோது, ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று அது பெயர் பெற்றது. அன்று அடையாளப் பட்டியல் மிகச் சிறியது. இன்று ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் நிறுவனம், நாளொன்றுக்கு 450,000-க்கும் மேற்பட்ட புதிய தீய நிரல்களைப் பதிவு செய்வதாகக் கூறுகிறது. இவை அனைத்தின் அடையாளங்களையும் ஒவ்வொரு கணினியிலும் ஏற்றிவைத்து, ஒவ்வொரு கோப்பையும் அவற்றோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் எந்தக் கணினியும் தாங்காது. எனவே வழிமுறையையே மாற்ற வேண்டியதாயிற்று.

புதிய மென்பொருள்கள் செய்த மாற்றங்கள்

1. பார்த்ததைத் திரும்பப் பார்ப்பதில்லை: ஒரு கோப்பை ஒருமுறை சோதித்து நல்லது என்று முடிவு செய்தால், அந்த முடிவைக் குறித்து வைத்துக்கொள்கிறது. கோப்பு மாறாத வரை மறுசோதனை தேவையில்லை. தினமும் வரும் பால்காரரைக் காவலாளி ஒவ்வொரு நாளும் நிறுத்தி விசாரிப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான். விண்டோஸின் சொந்தக் கோப்புகளும் பலரும் பயன்படுத்தும் பிரபலமான மென்பொருள்களும் நம்பகமானவை என்ற பட்டியலில் முன்பே இடம்பெற்றுவிடுகின்றன.

2. பாதி வேலை வெளியே நடக்கிறது: சந்தேகமான ஒரு கோப்பு வந்தால், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு குறியீட்டை, அதாவது அதன் விரல்ரேகையை, நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிப் பதில் பெறுகிறது. இதை 'கிளவுட்' முறை என்கிறார்கள். இதனால் முழுப் பட்டியலையும் நம் கணினி சுமக்க வேண்டியதில்லை. இன்று காலையில் தோன்றிய வைரஸைப் பற்றிய தகவலும், அடுத்த அப்டேட் வரும்வரை காத்திராமல் கிடைத்துவிடுகிறது.

3. நாம் ஓய்வெடுக்கும்போது அது உழைக்கிறது: கணினி முழுவதையும் அலசும் சோதனையை, நாம் விசைப்பலகையைத் தொடாத நேரத்தில் செய்கிறது. விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரில், திட்டமிட்ட சோதனையின்போது ப்ராசஸரின் சக்தியில் சராசரியாக 50 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற அளவு இயல்பாகவே வைக்கப்பட்டுள்ளது.

4. முகத்தை மட்டுமின்றி நடத்தையையும் கவனிக்கிறது: பட்டியலில் இல்லாத ஒரு நிரல், உள்ளே நுழைந்ததும் நம் கோப்புகளை வரிசையாகப் பூட்டத் தொடங்கினால் அந்தச் செயலை வைத்தே அதைத் தடுக்கிறது. ரான்சம்வேர் எனப்படும் பணம் பறிக்கும் வைரஸ்களுக்கு எதிராக இந்த முறை முக்கியமானது.

எதை நம்பித் தேர்ந்தெடுப்பது?

"வேகம் குறையாது" என்று விளம்பரம் செய்யாத நிறுவனம் கிடையாது. ஆகவே விளம்பரத்தை விட்டுவிட்டு, தனிப்பட்ட சோதனைக் கூடங்களின் முடிவுகளைப் பார்ப்பதே நல்லது. ஏவி-டெஸ்ட், ஒவ்வொரு மென்பொருளுக்கும் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 வீதம் மொத்தம் 18 புள்ளிகள் வரை வழங்குகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரிலுள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ், கோப்புகளை நகலெடுத்தல், சுருக்கிக் கட்டுதல், மென்பொருள் நிறுவுதல், பதிவிறக்கம், இணையத்தளங்களைத் திறத்தல் போன்ற அன்றாட வேலைகளில் ஏற்படும் தாமதத்தை அளந்து வெளியிடுகிறது. இரண்டின் முடிவுகளையும் அவற்றின் தளங்களில் இலவசமாகப் பார்க்கலாம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேகத்தில் முதலிடம் பெறும் மென்பொருள் பாதுகாப்பிலும் முதலிடம் பெறும் என்று சொல்ல முடியாது. எதையும் சோதிக்காமல் விட்டுவிட்டால் வேகம் நன்றாகத்தான் இருக்கும். எனவே இரண்டு மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

சாதாரண வீட்டு உபயோகத்திற்குக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. 2012-ல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் முழுமையான ஆன்ட்டி வைரஸ் இயங்குதளத்துடனேயே வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க வேண்டிய அலுவலகங்களுக்கும், தொலைபேசி வழி உதவி வேண்டுவோருக்கும் கட்டண மென்பொருள்கள் பொருத்தமானவை. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் ஆகிய இந்திய நிறுவனங்களும் இத்துறையில் இருக்கின்றன.

வேகத்திற்காகப் பாதுகாப்பை நிறுத்தினால்

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் பரவத் தொடங்கியது. சில நாட்களுக்குள் 150 நாடுகளில் கணினிகள் முடங்கின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாயின. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதங்கள் முன்பே, மார்ச் 14 அன்று வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே சிக்கின. "அப்டேட் செய்தால் மெதுவாகிவிடும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

பாதுகாப்பு மென்பொருளே தவறு செய்த சம்பவங்களும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்அஃபி வெளியிட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் அவசியமான கோப்பு ஒன்றையே வைரஸ் என்று கருதி முடக்கியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிலைகுலைய வைத்தது. விமானச் சேவைகளும் பாதிக்கப்பட்டன. ஆகவே எந்த மென்பொருளையும் முழுவதுமாக நம்பிவிடாமல், முக்கியக் கோப்புகளுக்குத் தனியே ஒரு நகல் வைத்திருப்பது அவசியம்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஒரு கணினிக்கு ஒரே ஆன்ட்டி வைரஸ் போதும். இரண்டு இருந்தால் பாதுகாப்பு இரட்டிப்பாவதில்லை. ஒரே கோப்பை இரண்டும் மாறி மாறிச் சோதிப்பதால் தாமதம்தான் கூடும். புதியதை நிறுவும் முன் பழையதை முழுமையாக நீக்குங்கள்.

2. உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ப்ராசஸர், ரேம், டிஸ்க் ஆகியவற்றை எது அதிகம் விழுங்குகிறது என்று அதில் பாருங்கள். டிஃபெண்டர் அங்கே 'ஆன்ட்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்ற பெயரில் இருக்கும். பல நேரங்களில் பட்டியலின் உச்சியில் இருப்பது பிரவுசரில் திறந்து கிடக்கும் முப்பது நாற்பது பக்கங்களாகத்தான் இருக்கும்.

3. ஹார்ட் டிஸ்கை மாற்ற முடியுமா என்று பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க், தட்டைச் சுழற்றி முள்ளை நகர்த்திப் படிக்கிறது. சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்க அது வெகுவாகத் திணறும். ஆன்ட்டி வைரஸ் படிப்பதோ பெரும்பாலும் அத்தகைய கோப்புகளைத்தான். அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தினால், எந்த ஆன்ட்டி வைரஸை மாற்றுவதைவிடவும் அதிகப் பலன் கிடைக்கும்.

4. முழுச் சோதனைக்கு நேரம் குறியுங்கள். மதிய உணவு நேரம் போன்று, கணினி இயங்கிக்கொண்டிருந்தாலும் நீங்கள் வேலை செய்யாத நேரமாக அது இருக்கட்டும்.

5. உபரி வசதிகளைக் குறையுங்கள். 'வேகம் கூட்டும்' கருவி, டூல்பார், விபிஎன் என ஆன்ட்டி வைரஸுடன் சேர்ந்து வருபவற்றில் தேவையில்லாதவற்றை நீக்கலாம். கோப்புகளை உடனுக்குடன் சோதிக்கும் பாதுகாப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

6. விதிவிலக்கு அளிப்பதில் எச்சரிக்கை தேவை. ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லும் வசதி உண்டு. பதிவிறக்கங்கள் வந்து விழும் ஃபோல்டருக்கோ சி டிரைவ் முழுவதற்குமோ அதைக் கொடுத்தால், வாசல் கதவைத் திறந்து போட்டதற்குச் சமம்.

7. 'கிராக்' செய்த ஆன்ட்டி வைரஸ் வேண்டாம். திருடனிடமே சாவியைக் கொடுப்பது போன்றது அது. "உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே இதை நிறுவுங்கள்" என்று இணையத்தில் திடீரெனத் தோன்றும் எச்சரிக்கைகளும் அதே ரகம்தான்.

8. இயங்குதளத்தைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் வராத இயங்குதளத்தில் எவ்வளவு நல்ல ஆன்ட்டி வைரஸும் அரைகுறைக் காவல்தான். விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு நல்ல மாற்று.

9. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். எடுத்து முடித்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். இணைத்தே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கும்போதோ புதிய மென்பொருளை முதன்முறையாகத் திறக்கும்போதோ ஓரிரு விநாடிகள் தாமதம் ஏற்படத்தான் செய்யும். காவலாளி தன் வேலையைச் செய்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். இன்றே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஆன்ட்டி வைரஸை நீக்குவதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யுங்கள்.