விளக்கு வைத்துத் தீர்த்த பழி

பழைய கோயிலுக்குப் போனால் சுவரில் வெட்டியிருக்கும் எழுத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள் என்று வகுப்பில் சொல்வேனே, அதில் ஒரு செய்தி.

சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வருவது நுந்தா விளக்கு. இரவும் பகலும் அணையாமல் எரிவது. ஒரு விளக்குக்கு 96 ஆடு, தினம் ஓர் உழக்கு நெய் என்பது வழக்கமான கணக்கு. அரை விளக்கு என்றால் 48. 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத ஆடு உண்டா என்று சிரிக்காதீர்கள். கிழடு செத்தால் குட்டி ஈடுகட்டும். மேய்க்கும் இடையர் எண்ணிக்கையைக் குறையவிடக் கூடாது.

அரசரும் அரசியரும் வைத்த விளக்குகள் ஏராளம். என் மனசில் நின்றவை வேறு. வேட்டையில் விலங்குக்கு விட்ட அம்பு தவறி ஒரு மனிதன் மேல் பட, அவன் செத்துப்போகிறான். நாட்டார் கூடுகிறார்கள். வேண்டுமென்று செய்ததல்ல, இவனைக் கொல்ல வேண்டாம், செத்தவனுக்காகக் கோயிலில் விளக்கு வைக்கட்டும் என்று தீர்ப்பு. இப்படிப் பல கல்வெட்டுகள் உண்டு.

உயிருக்கு விலை ஆடா என்று கேட்பீர்கள். செத்தவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று கல் பெரும்பாலும் சொல்வதில்லை. எனக்கும் அது உறுத்தல்தான். ஆனாலும் பழிக்குப் பழி என்று இன்னொரு தலை உருளவில்லையே! அம்பெய்தவனும் செத்தவன் வீட்டாரும் அந்த ஒரே விளக்கின் முன்னால்தான் கும்பிட்டிருப்பார்கள். அதுவும் 'சந்திராதித்தவல்', நிலாவும் சூரியனும் உள்ளவரை.

உங்கள் ஊர்க் கோயிலில் ஆட்டுக் கணக்கு வெட்டிய கல் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.