கையும் கைப்பிடியும்

1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், பேராக் மாநிலத்துத் தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்ட் துறைக்கும் இடையே மலாயாவின் முதல் இரயில் வண்டி ஓடிற்று. பாதையின் நீளம் ஏறத்தாழ எட்டு மைல். லாருட் வட்டாரத்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்ப்பதே அதன் நோக்கம். அதே ஆண்டு ஆகஸ்டில், ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் என்பவர் எஞ்சின் பூட்டிய இருசக்கர வண்டி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' எனும் சைக்கிளை உருவாக்கினார். இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவின. பின்சக்கரத்தைச் சங்கிலி இழுத்தது. இன்று ஓடும் சைக்கிள்களுக்கெல்லாம் அதுவே முன்மாதிரி.

மூன்றும் ஓராண்டு நிகழ்ச்சிகள். இரயில் பள்ளிப் பாடநூல்களில் இடம் பெற்றுவிட்டது. ஏனைய இரண்டும் தைப்பிங்கிற்கு வடக்கே அடுத்துள்ள கமுந்திங்கை வந்தடையக் காலம் பிடித்தது. வந்த பின்னரோ, அவ்வூர்த் தொழிலாளியின் அன்றாட வாழ்வுக்கு இரயிலினும் அவையே நெருங்கியவை ஆயின.

கமுந்திங்கின் வீடமைப்புப் பகுதிகளில் விடுமுறைக் காலைகளில் ஒரு காட்சியைக் காணலாம். வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும். தரையில் விரித்த பழைய செய்தித்தாளின்மேல் ஸ்பானர்களும் திருகாணிகளும் கிடக்கும். இளைஞர் ஒருவர் பழைய ஹேண்டிலைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்திக்கொண்டிருப்பார். உயரமானது வேண்டும் என்பார் ஒருவர். தாழ்ந்தது வேண்டும் என்பார் மற்றொருவர். பார்ப்பவர்க்கு இஃது ஓர் இரும்புக் குழாயை மாற்றும் சிறு வேலை. ஆயினும் அக்குழாயின் வலப்பக்கம் எது இருக்க வேண்டும், இடப்பக்கம் எது இருக்க வேண்டும் என்பது ஒரு நாளில் முடிவானதன்று. அம்முடிவுக்கு வர உலகிற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன.

திசை திருப்பும் தண்டு

கைப்பிடித்தண்டு மோட்டார் சைக்கிளுக்கும் மூத்தது. மிதிகட்டை வைத்த சைக்கிளுக்கும் மூத்தது. 1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிராய்ஸ் என்பவர், தரையைக் காலால் உந்திச் செல்லும் மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதில் மிதிகட்டை இல்லை, எஞ்சின் இல்லை. முன்சக்கரத்தைத் திருப்பும் தண்டு மட்டும் இருந்தது. இருசக்கர வண்டி விழாமல் நிற்பதற்கு அத்தண்டே காரணம். வண்டி ஒரு பக்கம் சாயும்போது முன்சக்கரத்தை அப்பக்கமே சிறிது திருப்பினால், வண்டி மீண்டும் நிமிர்கிறது. எனவே திசை காட்டுதல், நிலைநிறுத்துதல் ஆகிய இரு பணிகளையும் தண்டு தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டது.

டைம்லரின் மரச்சட்ட வண்டியில் அரைக் குதிரைத்திறன் எஞ்சின் இருந்தது. மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வேகமே அதனால் இயலும். ஆயினும் அவருடைய முதல் வரைவிலேயே ஓர் அரிய கருத்து காணப்பட்டது. கைப்பிடியை ஒரு பக்கம் முறுக்கினால் வார் இறுகி வண்டி ஓடும். மறுபக்கம் முறுக்கினால் பிரேக் பிடிக்கும். கைப்பிடி திருப்புவதற்கு மட்டுமன்றி, ஆணையிடுவதற்கும் ஆகும் என்னும் எண்ணம் அங்கே பிறந்தது.

அவ்வெண்ணம் நடைமுறைக்கு வர ஓர் இடையூறு இருந்தது. கைப்பிடி இரு பக்கமும் திரும்புவது. எஞ்சினோ சட்டத்தோடு பிணைந்து நிற்பது. திரும்பும் ஒன்றிலிருந்து திரும்பாத ஒன்றுக்கு விறைத்த கம்பிகளால் ஆணையை அனுப்புவது எளிதன்று. 1896இல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் பெற்ற காப்புரிமை இதற்கு வழி செய்தது. சுருள்கம்பியாலான உறைக்குள் முறுக்கிய மெல்லிய கம்பி ஓடும். உறை எவ்வாறு வளைந்தாலும் உட்கம்பி இழுக்கும் இழுப்பு மறுமுனையைச் சென்றடையும். இன்று பட்டறைகளில் 'கேபிள்' என்று வழங்குவது இதுவே. இஃது இல்லையேல் கைப்பிடியில் பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் அனைத்தும் ஒருங்கே இடம்பெற்றிருத்தல் அரிது.

எந்தக் கைக்கு எந்த வேலை?

வழி கிடைத்ததும் ஒழுங்கு கிடைத்துவிடவில்லை. ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் விருப்பப்படி வேலையைப் பிரித்தது. அமெரிக்காவின் 'இந்தியன்' வண்டியில் ஆக்சிலேட்டர் பல்லாண்டுகள் இடக்கையில் இருந்தது. அதே நாட்டின் 'ஹார்லி டேவிட்சன்' அதனை வலக்கையில் வைத்தது. இரண்டிலும் கிளட்ச் காலுக்கு உரியது. கியரோ பெட்ரோல் தொட்டியின் பக்கத்தில் நின்ற நீண்ட பிடி. தொடக்ககாலப் பிரிட்டிஷ் வண்டிகளில் முறுக்கும் பிடிக்கு மாறாகச் சிறு நெம்புகோல்கள் இருந்தன. காற்றுக்கு ஒன்று, எரிபொருளுக்கு ஒன்று, தீப்பொறியின் நேரத்தை முன்பின் தள்ள ஒன்று என ஓட்டுநர் இடையறாது கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வண்டியில் பழகியவர் மற்றொன்றில் ஏறினால் மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

கியர் மாற்றக் கையை எடுத்தால் அந்நேரத்திற்குத் தண்டை ஒரு கை மட்டுமே பற்றியிருக்கும். பந்தயத்தில் இது பெருங்குறை. 1928ஐ ஒட்டி, பர்மிங்காமின் வெலோசெட் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெரால்டு வில்லிஸ் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். கால் பிடியை ஒருமுறை தட்டினால் ஒரு கியர் மட்டும் மாறி, பிடி பழைய இடத்திற்கே மீளும். இதன்பின் கியர் காலுக்கு இறங்கிற்று. இரு கைகளும் தண்டிலேயே நின்றன. வலக்கையில் ஆக்சிலேட்டரும் முன்பிரேக்கும், இடக்கையில் கிளட்ச்சும் என்ற பங்கீடு மெல்ல மெல்லப் பொதுவழக்காயிற்று.

எனினும் கால்களின் வழக்கு தீரவில்லை. பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் வலக்காலுக்குக் கியரும் இடக்காலுக்குப் பிரேக்கும் தந்தன. ஜப்பானிய வண்டிகள் இதற்கு நேர்மாறு. 1974 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதி, கியர் இடக்காலுக்கே உரியது என்று வரையறுத்தது. அமெரிக்காவில் விற்றுப் பிழைக்க வேண்டிய டிரையம்ப், நார்ட்டன் முதலிய பிரிட்டிஷ் நிறுவனங்கள் இடம் மாற்றிக்கொண்டன. இவ்விதி தொடாத இடம் ஒன்று தமிழகத்தில் இருந்தது. 1955இல் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்த 'புல்லட்' வண்டியில் வலக்கால் கியரை இருபத்தோராம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டு வரையிலும் காத்து வந்தது. பழைய புல்லட்டில் பழகியவர் வேறு வண்டியில் ஏறியதும் பிரேக் என எண்ணிக் கியரை மிதிப்பதுண்டு. பழக்கம் அறிவுக்கு முந்திச் செல்வது. இடர் நேரும் கணத்தில் மூளை ஆராய்ந்து முடிப்பதற்குள் கையும் காலும் தாம் கற்ற இடத்திற்கே பாய்கின்றன.

ராலே முதல் கப்சாய் வரை

கமுந்திங்கின் கதைக்கு மீள்வோம். அவ்வூர் ஈயத்தால் எழுந்தது. சீனச் சுரங்கத் தொழிலாளர் கூட்டங்களுக்கிடையே மூண்ட லாருட் போர்களின் காலத்தில் 'கிளியான் பாரு' என்ற பெயரால் அறியப்பட்டது. 1874இன் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் அமைதி பிறந்தது. ஈயத்தை அடுத்து இரப்பர் வந்தது. இரப்பரோடு தமிழ்த் தொழிலாளர் வந்தனர். தோட்டத்தில் லயமும் பெரட்டுக் களமும் பால்மரக் காடும் நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்திருந்தன. வெளியே செல்வோர்க்குச் சைக்கிள் போதுமானதாக இருந்தது.

1950களில் நிலைமை மாறத் தொடங்கிற்று. பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இத்துன்பத்திற்கு மாற்றாகவே. பின்னைய ஆண்டுகளில் கமுந்திங்கில் தொழிற்பேட்டை எழுந்தது. வீடு ஓரிடம், வேலை வேறிடம் என்றாயிற்று. வெளியூர்த் தோட்டத்திற்கு இருட்டிலேயே புறப்படும் பால்வெட்டுத் தொழிலாளிக்கும், நள்ளிரவில் வேலை முடித்துத் திரும்பும் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் சைக்கிள் போதவில்லை, கார் எட்டவில்லை.

அவ்விடைவெளியை நிரப்பியது ஹோண்டாவின் 'சூப்பர் கப்'. 1958இல் ஜப்பானில் வெளிவந்த 50 சி.சி. வண்டி அது. பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அவ்வாண்டே அதனைக் கண்டு, மலாயாவிற்குக் கொண்டுவரும் உரிமையைப் பெற்றார். பேருந்துகளைக் கழுவும் வேலையில் வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். 'கப்' என்ற பெயரோடு, சிறியது என்று பொருள்படும் 'சாய்' எனும் சீனச் சொல் சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று. காலப்போக்கில் அவ்வகை வண்டிகள் அனைத்திற்கும் அதுவே பெயராயிற்று.

கப் வண்டியின் கைப்பிடி ஆராய்தற்குரியது. ஜப்பானில் 'சோபா' எனும் மீ உணவைத் தட்டில் ஏந்தி வீடுவீடாகக் கொடுக்கும் பையன், இடக்கையில் தட்டும் வலக்கையில் வண்டியுமாகச் செல்ல வேண்டும் என்று சோய்சிரோ ஹோண்டா கருதினார். அதனால் கிளட்ச் பிடியையே நீக்கினார். எஞ்சினின் சுழற்சியால் தானே இயங்கும் கிளட்சை வைத்தார். தொடக்ககால வண்டியில் திரும்பும் விளக்கின் விசையையும் வலப்பக்கமே அமைத்தார். ஆக்சிலேட்டர், முன்பிரேக், விளக்கு அனைத்தும் வலக்கைக்குள் அடங்கின.

இங்கே மற்றொரு பொருத்தமும் உண்டு. பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றிய நாடுகளில் ராலே போன்ற சைக்கிள்களின் வலப்பிடி முன்சக்கரத்தை நிறுத்துவது. ஐரோப்பாவின் பிற நாடுகள் பலவற்றில் இடப்பிடியே அதற்கு உரியது. சைக்கிளில் வலக்கையால் முன்பிரேக் பிடிக்கப் பழகிய மலாயாத் தொழிலாளி கப்சாயில் ஏறியபோது, அதே கைக்கு அதே வேலை காத்திருந்தது. கிளட்ச் கற்க வேண்டுவதும் இல்லை. வண்டி விரைந்து பரவியதற்கு விலை மட்டுமன்று, கைப்பழக்கமும் துணை நின்றது எனல் பொருந்தும்.

வாசலில் நடக்கும் மாற்றம்

இவ்வரலாற்றின் ஒளியில் வாசற்பட்டறையைக் காண வேண்டும். ஹேண்டிலை மாற்றுவதில் குற்றமில்லை. முதுகுவலி உடையவர்க்கு உயர்ந்த தண்டும், குட்டையானவர்க்குப் பின்னோக்கி வளைந்த தண்டும் நலம் பயக்கும். விபத்தில் வளைந்த தண்டை மாற்றியே தீர வேண்டும். அதனை நிமிர்த்திப் பயன்படுத்துதல் ஆகாது. வளைந்து நிமிர்ந்த குழாய் வலுக்குன்றியது.

இடர் தண்டில் இல்லை. தண்டோடு இணைந்தவற்றில் உள்ளது. பழைய கப் வண்டியின் ஹேண்டில், தகட்டை அழுத்திச் செய்யப்பட்டு விளக்கையும் கம்பிகளையும் உள்ளடக்கியது. அதற்கு மாற்றாகக் குழாய்த் தண்டு பொருத்துவோர், உள்ளே ஒளிந்திருந்த மின்கம்பிகளுக்கு வேறு இடம் காண வேண்டும். ஜப்பானிய வண்டிகளில் பிடிகள் பொருந்தும் குழாயின் குறுக்களவு பெரும்பாலும் 22 மில்லிமீட்டர். ஹார்லி வண்டிகளில் ஓர் அங்குலம். ஒன்றன் பிடி மற்றதற்குப் பொருந்தாது. தண்டு உயர்ந்தால் பழைய கேபிளின் நீளம் போதாது. தாழ்ந்தால் மிகுதியான கேபிள் மடிந்து உட்கம்பி சிக்கும்.

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டியை நிறுத்தி, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, தண்டை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்புதல் வேண்டும். திருப்பும்போது எஞ்சினின் ஒலி உயர்ந்தால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்பது பொருள். சாலை வளைவில் அவ்வண்டி ஓட்டுநரின் ஆணையின்றியே வேகம் கொள்ளும். முறுக்கிய பிடியை விட்டதும் அது தானே பழைய நிலைக்கு மீள வேண்டும். டிரம் பிரேக் உள்ள சிறு ஹோண்டா வண்டிகளில் முன்பிரேக் பிடியின் நுனி, பிரேக் பற்றுமுன் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வாக அசைய வேண்டும். ஆக்சிலேட்டர் பிடிக்கு 2 முதல் 6 மில்லிமீட்டர் போதும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் எண்ணெய்க் குழாயைக் கழற்றினால், உட்புகுந்த காற்றை முற்றும் வெளியேற்றும் வரை வண்டியைச் சாலைக்குக் கொண்டுசெல்லலாகாது. பிரேக் பிடித்ததும் பின்விளக்கு எரிகிறதா என்பதையும் காண வேண்டும்.

மலேசியாவில் சாலைப் போக்குவரத்தை ஆள்வது 1987ஆம் ஆண்டுச் சட்டம். வண்டியின் அமைப்பை மாற்றுவோர் முன்னரே சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளைக் கேட்டறிதல் கடமை. 1973இல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 1992இல் பகலிலும் முன்விளக்கை எரியவிடுதல் கட்டாயமாயிற்று. இவ்வளவு செய்தும் அந்நாட்டின் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. விபத்துக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றையேனும் வாசலிலேயே தடுக்க இயலுமாயின், அது சிறு காரியமன்று.

தண்டின் வடிவம் அவரவர் உடலுக்கும் விருப்பத்திற்கும் உரியது. பிடிகளின் இடமோ அவ்வாறன்று. அது டிராய்ஸ் காலந்தொட்டுப் பலர் முயன்றும் தவறியும் கண்ட உடன்பாடு. அண்ணன் மாற்றியமைத்த வண்டியை அவசரத்திற்குத் தம்பி எடுத்துச் செல்கிறான். இரவு வேலைக்குப் புறப்படும் தந்தை எடுத்துச் செல்கிறார். இருளில் எதிரே மாடு ஒன்று குறுக்கிட்டால், அவருடைய வலக்கை தேடும் இடத்தில் பிரேக் இருத்தல் வேண்டும். அது பிடித்தல் வேண்டும்.