ஆயாக் கொட்டகை முதல் பாலர் பள்ளி வரை

பள்ளியாண்டு தொடங்கும் முதல் வாரத்தில் எந்தப் பாலர் வகுப்பின் வாயிலிலும் ஒரே காட்சியைக் காணலாம். தாயின் முந்தானையை இறுகப் பற்றிய சிறு கை. அதனை மெல்ல விடுவிக்க முயலும் ஆசிரியையின் கை. போவதா நிற்பதா என்று தடுமாறும் தாயின் கால்கள். "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று ஆறுதல் கூறி அனுப்புவது நம் வழக்கம். பெரும்பாலும் அழுகை நின்றும் விடுகிறது. ஆயினும், அழுகை நின்றதனால் பிள்ளை பள்ளியில் பொருந்திவிட்டது என்று நாம் முடிவு கட்டலாமா? இவ்வினாவுக்கு விடை காண உலகம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. பிள்ளையின் அழுகை அன்றும் இன்றும் ஒன்றே. அதற்குப் பெரியோர் கண்ட பொருள்தான் காலந்தோறும் மாறி வந்துள்ளது. அம்மாற்றத்தின் வரலாற்றை, நம் தோட்டத்து வாழ்வையும் உடன் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடியில் தொடங்கிய கல்வி

குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் உற்று நோக்கியவர்கள் தமிழர். மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி என்று தொடங்கி, இருபத்தொன்றாம் திங்களில் சிறுதேர் வரை பத்துப் பருவங்களைப் பிள்ளைத்தமிழ் இலக்கணம் வகுத்துள்ளது. தவழ்வதும் கை கொட்டுவதும் தளர்நடை இட்டு வருவதும் அங்கே பாடுபொருளாயின. அப்பருவங்கள் யாவும் தாயின் கண் பார்வைக்குள்ளேயே நிகழ்வன.

வீட்டைக் கடந்து பிள்ளை செல்லும் முதல் இடம் திண்ணைப் பள்ளி. அங்கே வைப்பதற்கு முன்னர் ஏடு தொடங்கும் சடங்கு நடைபெறும். தந்தையோ தாய்மாமனோ பிள்ளையை மடியில் இருத்திக்கொள்ள, ஆசிரியர் அதன் விரலைப் பிடித்துப் பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுதுவிப்பார். விசயதசமி நாளில் இவ்வழக்கத்தை இன்றும் நம் கோயில்களில் காண்கிறோம். இதனைச் சமயச் சடங்கு என்று மட்டும் கருதிவிடுதல் போதாது. உறவினரின் மடி ஒருபுறம், ஆசிரியரின் கை மறுபுறம். பழகிய உடலின் வெப்பம் நீங்காத நிலையில் புதியவரின் தொடுகை பிள்ளைக்கு அறிமுகமாகிறது. பின்னர் அத்திண்ணையில் பிரம்பும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தொடக்கம் மடியிலேதான் நிகழ்ந்தது.

ஆலையும் தோட்டமும்

தாயையும் பிள்ளையையும் நாள்தோறும் விடியலில் பிரித்துவைத்தது தொழிற்புரட்சி. ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் நகரில் பஞ்சாலை நடத்திய இராபர்ட் ஓவன், 1816ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ஒரு கல்வி நிலையத்தைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளும் அங்கே சேர்க்கப்பட்டனர். பிள்ளைகளை அடித்தல் கூடாது, அச்சுறுத்தல் கூடாது, இன்முகத்தோடும் இன்சொல்லோடும் பேசுதல் வேண்டும் என்பன அவர் விதித்த விதிகள். புத்தகத்தைவிடப் பாட்டும் ஆட்டமும் திறந்த வெளியும் அங்கே முதன்மை பெற்றன.

செருமனியின் பிரெடரிக் புரோபெல் பிறந்த ஒன்பதாம் மாதத்திலேயே தாயை இழந்தவர். அவர் 1840ஆம் ஆண்டில் தம் நிலையத்துக்குச் சூட்டிய பெயர் 'குழந்தைகளின் தோட்டம்' என்னும் பொருளுடையது. 1844இல் அவர் வெளியிட்ட பாட்டு நூல் ஆசிரியருக்காக மட்டும் எழுதப்பட்டதன்று; தாய்மார் மடியில் வைத்து விளையாட்டுக் காட்டுவதற்கென்றே எழுதப்பட்டது. வீட்டில் தாய் பாடிய பாட்டையே பிள்ளை பள்ளியிலும் கேட்டது. இரண்டு உலகங்களுக்கிடையே ஒரு பாட்டு பாலமாக அமைந்தது. பிரசிய அரசு 1851இல் இப்பள்ளிகளுக்குத் தடை விதித்தது. அத்தடை 1860இல்தான் நீங்கியது.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழையர் குடியிருப்பில் தம் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். அந்த இல்லம், பிள்ளைகள் குடியிருந்த கட்டடத் தொகுதிக்குள்ளேயே அமைந்திருந்தது. அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர் மூண்டமையால் இந்தியாவிலேயே தங்க நேரிட்டு, கோடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார் என்பது தமிழாசிரியர் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி.

ஆயாக் கொட்டகை

நியூ லனார்க்கின் பஞ்சாலைக்கு நேர்ந்ததே மலாயாவின் பால்மரக் காட்டுக்கும் நேர்ந்தது. இரப்பர் தோட்டங்களில் ஆணோடு பெண்ணும் மரம் சீவச் சென்றாள். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதனால் அந்நேரம் தவிர்க்க இயலாதது. கைப்பிள்ளையை என்ன செய்வது? அவ்வினாவுக்குத் தோட்டம் கண்ட விடையே ஆயாக் கொட்டகை.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வகை செய்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தோற்றத்துக்கு அச்சட்டம் அடிப்படையாயிற்று. ஆனால் ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை அப்பள்ளியின் கணக்கில் வரவில்லை. அதன் காலைப் பொழுது ஆயாவின் கையில்தான் இருந்தது.

மரம் சீவ இயலாத முதிய பெண் ஒருத்தி ஆயாவாக அமர்த்தப்படுவது பொது வழக்கம். உத்திரத்தில் பழைய சேலைகளால் கட்டிய ஏணைகள் தொங்கும். இருள் பிரியாத வேளையில், தூங்கும் பிள்ளையைத் தோளில் சுமந்து வந்து ஆயாவிடம் கொடுத்துவிட்டுத் தாய் நிரைக்குச் செல்வாள். பால் எடுத்து நிறுத்துக் கொடுத்த பின்னரே திரும்புவாள்.

அக்கொட்டகையைப் பொற்காலமாகப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒரே ஆயாவிடம் பல பிள்ளைகள்; போதிய உணவில்லை; நோய் எளிதிற் பரவும்; அறிவை வளர்க்கும் விளையாட்டுப் பொருள் எதுவும் இல்லை. கூலியும் குறைவு, கவனிப்பும் குறைவு. ஆயினும் பிள்ளையின் பக்கம் நின்று நோக்கும்போது, பிற்கால அறிஞர்கள் வலியுறுத்திய சில கூறுகள் அங்கே தாமாகவே அமைந்திருந்தமை புலப்படும். ஆயா அதே லயத்தில் வாழ்பவள். பிள்ளை பிறந்த நாள் முதல் அறிந்தவள். தாய் பேசும் தமிழையே பேசுபவள். அண்ணனும் அக்காளும் அருகிலிருப்பர். ஏணைக்குக் கட்டிய சேலையில் தாயின் மணம் இருக்கும். அங்கே இடம் மாறியது. மனிதரும் மொழியும் மாறவில்லை.

அழுகையின் பொருள்

1939 செப்டம்பரில் குண்டுவீச்சுக்கு அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, சில நாள்களுக்குள் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் மக்களை நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பியது. அவருள் பெரும்பாலோர் சிறுவர். பலர் தாயின்றிச் சென்றனர். அக்காலத்தில் இலண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் அன்னா பிராய்டும் டோரத்தி பர்லிங்ஹாமும் பிள்ளைகளுக்கான போர்க்காலக் காப்பகங்களை நடத்தினர். திடீரெனப் பிரிக்கப்பட்ட பிள்ளை அடையும் துயரத்தையும், சிறிது சிறிதாகப் பிரிக்கப்பட்ட பிள்ளை அதனைத் தாங்கிக்கொள்வதையும் அவர்கள் கண்டனர். எல்லாப் பிள்ளைகளையும் எல்லாரும் பார்ப்பது என்னும் முறையை மாற்றி, நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒரு செவிலி என்று சிறு குடும்பங்களாகப் பிரித்தனர். தமக்குரிய ஒருவர் கிடைத்ததும் பிள்ளைகள் பொறாமையும் கொண்டனர், பாசமும் கொண்டனர், பேச்சும் விரைந்து வளர்ந்தது.

அங்கே கொதிகலன் பார்க்கும் பணியும் செய்த ஜேம்ஸ் இராபர்ட்சன், பின்னாளில் ஜான் பௌல்பியோடு சேர்ந்து ஆய்வு செய்தார். அவர் 1952ஆம் ஆண்டு ஒரு படத்தை வெளியிட்டார். இரண்டு வயது ஐந்து மாதமான ஒரு சிறுமி எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததை அது காட்டியது. பெற்றோர் விருப்பம்போல் வந்து பார்க்க அக்கால மருத்துவமனைகள் இசைவதில்லை. வந்து போனால் பிள்ளை அழும் என்பதே அதற்குச் சொன்ன காரணம். இராபர்ட்சன் மூன்று நிலைகளை எடுத்துக்காட்டினார். முதலில் பிள்ளை எதிர்த்து அழுகிறது. பின் நம்பிக்கை இழந்து சோர்கிறது. இறுதியில் தாய் வந்தாலும் முகம் திருப்பும் அளவுக்கு ஒட்டாமல் நிற்கிறது. மருத்துவமனை 'நன்றாகப் பழகிவிட்டது' என்று மகிழ்ந்த நிலை இம்மூன்றாவது நிலையே. படத்தைக் கண்ட மருத்துவர் பலர் சினந்தனர். எனினும் 1959இல் அரசின் குழுவே பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க இடமளிக்குமாறு பரிந்துரைத்தது.

நாள்கணக்கான பிரிவு வேறு. காலை வேளையில் சில மணி நேரப் பிரிவு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பெற்றோரை அச்சுறுத்துதல் தகாது. ஆனால், 'அமைதி எப்போதும் நலத்தின் அடையாளம் அன்று' என்னும் படிப்பினை இரண்டுக்கும் பொதுவானது. மேரி எயின்ஸ்வொர்த், உகாண்டாவிலும் பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாயையும் சேயையும் ஆராய்ந்து இதனை மேலும் தெளிவாக்கினார். தாய் நீங்கும்போது அழுது, மீளும்போது ஓடிச் சென்று தேறுதல் பெற்று, மறுபடியும் விளையாடச் செல்லும் பிள்ளையே உறுதியான பற்றுடைய பிள்ளை. அழுகை அப்பிள்ளையின் குறை அன்று.

இவ்வறிவை நடைமுறையாக்கியவருள் பெர்லின் நகரத்தார் குறிப்பிடத்தக்கவர். 1980களில் அங்கே உருவான முறைப்படி, முதல் மூன்று நாள்கள் தாயோ தந்தையோ பிள்ளையோடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடனிருப்பர், பிரிவே இல்லை. நான்காம் நாள் விடைபெற்று வெளியே செல்வர். அதுவும் அரை மணி நேரத்துக்கு மேற்படாது. அழும் பிள்ளை புதிய செவிலியின் கையில் தேறுகிறதா என்று பார்ப்பர். தேறினால் நேரத்தை நீட்டுவர், தேறாவிடில் பொறுத்திருப்பர். ஆகவே அவர்களுடைய அளவுகோல் 'அழுகை நின்றதா?' என்பதன்று; 'யாருடைய தேறுதலை ஏற்றது?' என்பதே. இந்நகரில் பதினைந்து மாதப் பிள்ளைகள் எழுபது பேரை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு, தாயின்றி இருந்த முதல் ஒன்பது நாள்களில் கார்ட்டிசால் என்னும் உளைச்சற் சுரப்பு வீட்டில் இருந்த அளவைவிட 75 முதல் 100 விழுக்காடு வரை மிகுந்திருந்ததைக் காட்டியது. பிள்ளையின் துயரம் வெறும் அடம் அன்று என்பதற்கு உடலே சான்று பகர்ந்தது.

நம் கடமை

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற தொழில் வட்டாரம் தோன்றியது. நம் பெண்கள் பால்வாளியை விட்டுத் தொழிற்சாலை முறைவேலைக்குச் சென்றனர். லயங்களோடு ஆயாக் கொட்டகைகளும் மறைந்தன. நான்கு வயதுக்கு உட்பட்டோரின் பராமரிப்பு மையங்களை 1984ஆம் ஆண்டின் சட்டம் நெறிப்படுத்தியது. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஒரு பகுதியாக்கியது. கட்டடம் உயர்ந்தது, பாடத்திட்டம் வந்தது, பயிற்சி பெற்ற ஆசிரியரும் வந்தனர். இவை யாவும் பெருமைக்குரியன. ஆனால் ஆயாக் கொட்டகையில் தானாக இருந்த ஒன்றை நாம் இப்போது முயன்று உண்டாக்க வேண்டியுள்ளது. அதுவே பழகிய முகமும் பழகிய மொழியும்.

வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, வேற்றுமொழி ஒன்றே ஒலிக்கும் மழலையர் பள்ளியில் விடப்படும்போது, அக்காலை வேளையில் தாயோடு தாய்மொழியையும் இழக்கிறது. 'தண்ணீர் வேண்டும்' என்பதைச் சொல்லவும் அதற்கு வாயில்லை. அது மௌனமாய் அமர்ந்திருப்பதைக் கண்டு நாம் அமைதியான பிள்ளை என்று பாராட்டுகிறோம். தமிழ்ப்பள்ளி வளாகத்துப் பாலர் வகுப்பின் முதற்பயன் எழுத்தறிவன்று. பிள்ளை தன் துயரைத் தன் மொழியில் சொல்ல இயலும் என்பதே.

எனவே ஆசிரியர் செய்யத்தக்கன சில உள. பள்ளி திறக்குமுன்பே பிள்ளை ஒரு முறையேனும் வகுப்பறையையும் ஆசிரியையையும் தாயோடு வந்து காணட்டும். வீட்டில் அழைக்கும் செல்லப்பெயரையும், உறங்க வைக்கும் தாலாட்டையும் ஆசிரியை கேட்டறியட்டும். முதல் நாள்களில் ஒரு பிள்ளைக்கு ஒருவரே பொறுப்பாளராய் இருக்கட்டும். தாயின் கைக்குட்டையோ சேலைத் துண்டோ உடன் வந்தால் அதனைப் பிடுங்குதல் வேண்டா. கண் மறைவில் நழுவிச் செல்லுமாறு தாய்க்கு ஒருபோதும் யோசனை கூறுதல் ஆகாது. அவ்வாறு ஏமாந்த பிள்ளை மறுநாள் இன்னும் இறுகப் பற்றும். சொல்லி விடைபெறுதலே முறை. மணிக்கணக்கு அறியாத பிள்ளைக்கு, "கஞ்சி குடித்து, பாட்டுப் பாடி முடித்ததும் வருவேன்" என்று நிகழ்ச்சிக் கணக்கில் கூற வேண்டும்; கூறியபடி வரவும் வேண்டும். தினமும் காக்கப்படும் அச்சிறு வாக்கே பிள்ளை கற்கும் முதற்பாடம்.

வேலைக்கு விடுப்பெடுக்க இயலாத தாய் மூன்று நாள் உடனிருத்தல் எங்ஙனம் என்று வினவலாம். ஞாயமான வினாவே. தாய்க்கு இயலாவிடில் பாட்டி வரலாம், தந்தை வரலாம், மூத்த வகுப்பிலிருக்கும் அக்காள் இடைவேளையில் எட்டிப் பார்க்கலாம். வருவது யார் என்பதைவிட, பள்ளியின் கதவு அவர்களுக்குத் திறந்திருக்கிறதா என்பதே பெரிது. அதனைத் திறந்து வைக்கும் அதிகாரம் தலைமையாசிரியரிடம் உள்ளது.

எழுத்தும் எண்ணும் பின்னர் எத்தனையோ ஆண்டுகள் கற்பிக்கலாம். அந்நியர் நடுவிலும் அன்பு கிடைக்கும் என்னும் நம்பிக்கையை விதைக்க அந்த முதற்சில நாள்களே உள்ளன. அந்நாள்களில் வாயிலில் நின்று அழும் பிள்ளையிடம் "அழாதே" என்பதற்கு முன், "அம்மாவைத் தேடுகிறதா? நான் இருக்கிறேன்" என்று அதன் மொழியிலேயே கூறுவோமாக.