பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் உள்ளே வந்த கதை

நான்கு வயதுப் பேரன், பதினைந்து வயதுப் பேத்தி, நாற்பதைத் தாண்டிய அப்பா அம்மா, முழங்கால் தேய்ந்த தாத்தா, சக்கர நாற்காலியில் பாட்டி. இப்படி ஒரு குடும்பம் தீம் பார்க் ஒன்றுக்குள் நுழைந்தால், அரைமணி நேரத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். இளையவர்கள் ரோலர் கோஸ்டர் வரிசைக்கு ஓடுவார்கள். மூத்தவர்கள் பைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் காவலாக நிழல் தேடி உட்காருவார்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய், கோடை விடுமுறையில் ஆர்லாண்டோவையும் அனாஹைமையும் சுற்றிவந்த தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் இந்தக் காவல் வேலை பழக்கமானது.

எல்லோரும் சேர்ந்து செய்யப் புதிதாக என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு விடுமுறைக்கு முன்பும் குடும்பங்கள் தேடுகின்றன. அதற்கான விடை பெரும்பாலும் பழையவற்றில்தான் இருக்கிறது. வேகம் வந்து சேர்வதற்கு முன்பே இந்தப் பூங்காக்களில் ரயில் இருந்தது, படகு இருந்தது, தோட்டம் இருந்தது, சாப்பாடு இருந்தது. சக்கர நாற்காலியும் இருந்தது.

1876இல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே தள்ளிச் செல்லும் நாற்காலிகள் வாடகைக்குக் கிடைத்தன. 1893இல் சிகாகோ கண்காட்சியில் அவற்றைத் தள்ளும் வேலையைக் கல்லூரி மாணவர்கள் செய்தார்கள். நடக்க முடியாதவர்கள் மட்டுமல்ல, நடந்து களைத்தவர்களும் அவற்றில் ஏறிக்கொண்டார்கள். அட்லாண்டிக் சிட்டி கடற்கரையின் மரப்பலகை நடைபாதையிலும் இதே கதைதான். 1880களில் உடல்நலம் குன்றியவர்களுக்காக வாடகைக்கு வந்த உருளும் நாற்காலி, சில ஆண்டுகளிலேயே தேனிலவுத் தம்பதிகள் விரும்பி ஏறும் இரட்டை இருக்கை வண்டியாகிவிட்டது. அதில் உட்காருவதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

சிகாகோவில் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் நிறுவிய முதல் ராட்சத ராட்டினத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 264 அடி உயரம், 36 பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் 60 பேர். பெட்டி என்றால் இருவர் ஒடுங்கி உட்காரும் தொட்டில் அல்ல. சுழலும் நாற்காலிகள் போட்ட, கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு பெரிய அறை. ஆளுக்கு 50 சென்ட் கொடுத்தால் ஒரு குடும்பம் முழுவதும், அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, ஒன்றாக மேலே போய் நகரத்தையும் ஏரியையும் பார்த்துவிட்டு இறங்கலாம்.

இந்தக் கூட்டு மகிழ்ச்சியைப் பிரித்தது கோனி ஐலண்ட். 1884இல் அங்கே லாமார்கஸ் தாம்ப்சன் அமைத்த முதல் சறுக்கு ரயில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவில்தான் போனது; கட்டணம் 5 சென்ட். ஆனால் 1897இல் ஜார்ஜ் டில்யூ திறந்த ஸ்டீபிள்சேஸ் பார்க் வேறு ரகம். எந்திரக் குதிரைப் பந்தயத்தில் வந்து இறங்குபவர்கள் ஒரு மேடையைக் கடந்துதான் வெளியேற வேண்டும். அங்கே தரையிலிருந்து பீறிடும் காற்று பெண்களின் பாவாடையைத் தூக்கும். கோமாளி ஒருவன் மின்கோலோடு துரத்துவான். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டம் சிரிக்கும். இளமையும் துணிச்சலும் உள்ளவர்களுக்கான இடம் அது. பக்கத்தில் 1904இல் திறந்த டிரீம்லேண்டில், ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரச் சாயலில் பாதி அளவில் ஓர் ஊரைக் கட்டி, உயரம் குறைந்த மனிதர்களை அதில் குடியமர்த்திக் காட்சியாக்கினார்கள். உடலால் வேறுபட்டவர்கள் பூங்காவுக்குள் வர முடிந்தது; காட்சிப்பொருளாக. இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதும் யாரும் மறைக்கக் கூடாத பக்கம் இது.

குடும்பம் மறுபடி ஒன்றுசேர்ந்தது ஒரு சாப்பாட்டு மேஜையில். கலிபோர்னியாவின் பியூனா பார்க்கில் பெர்ரிப் பழத் தோட்டம் வைத்திருந்த வால்டர் நாட்டின் மனைவி கோர்டெலியா, 1934இல் ஒரு நாள் தன் கல்யாணப் பீங்கான் தட்டுகளில் எட்டுப் பேருக்குப் பொரித்த கோழி பரிமாறினார். தட்டு 65 சென்ட். சில ஆண்டுகளில் அந்தச் சாப்பாட்டுக்கு மணிக்கணக்கில் வரிசை நின்றது. காத்திருப்பவர்கள் சலிக்காமல் இருக்க வால்டர் முதலில் சின்ன அருவி, கல் தோட்டம் என்று அமைத்தார். பிறகு 1940இல், பழைய தங்கச் சுரங்க ஊர் ஒன்றின் சாயலில் ஒரு தெருவையே கட்டத் தொடங்கினார். நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பூங்கா இப்படித்தான் பிறந்தது. 1952இல் அசல் நீராவி எஞ்சினோடு அங்கே ரயில் ஓடியது. உட்கார்ந்து காத்திருப்பவர்களை மனத்தில் வைத்து வளர்ந்த இடம் என்பதால், அந்தத் தெருவில் இன்றும் முதியவர்களுக்குப் பொழுது போகிறது. தட்டில் மணலைச் சலித்துப் பொன்துகள் தேடும் விளையாட்டுக்கு உயரம் அளக்கும் கோல் தேவையில்லை.

வால்ட் டிஸ்னியும் பெஞ்சிலிருந்துதான் தொடங்கினார். சனிக்கிழமைகளில் மகள்கள் டயானையும் ஷாரனையும் லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பார்க்குக்கு அழைத்துப் போய், அவர்கள் குடைராட்டினத்தில் சுற்ற, தான் வேர்க்கடலை கொறித்தபடி உட்கார்ந்திருப்பார். பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அப்போது தோன்றியதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1951இல் கோபன்ஹேகனின் டிவோலியைப் பார்த்தது அந்த எண்ணத்துக்கு உரம் சேர்த்தது. 1843இல் திறந்த டிவோலியில் மலர்ப்பாத்திகள், இசை மேடை, உணவகங்கள், ஊமைக்கூத்து அரங்கு, இரவு விளக்குகள் எல்லாம் நடைபாதையோரம் அமைந்திருந்தன. எதிலும் ஏறாமலேயே ஒரு மாலை நிறைந்துவிடும்.

1955 ஜூலை 17 அன்று திறந்த டிஸ்னிலேண்டில் இந்தப் பாடம் தெரிந்தது. பூங்காவைச் சுற்றி ரயில், ஆற்றில் மார்க் ட்வெய்ன் கப்பல், முகப்புத் தெருவில் குதிரை இழுக்கும் டிராம் என்று உட்கார்ந்தபடியே பார்க்க நிறைய இருந்தது. ஆனால் ஒரு முக்கியமான இடத்தில் வால்ட் தவறவிட்டார். 1922இல் டென்ட்செல் நிறுவனம் செய்து, டொரண்டோவின் சன்னிசைட் பூங்காவில் சுழன்ற குடைராட்டினத்தை அவர் வாங்கி வந்தார். அதில் எல்லாமே பாயும் குதிரைகளாக இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உட்கார்ந்து சுற்றுவதற்கென்று இருந்த ரத இருக்கைகள் கழற்றப்பட்டன. அவற்றின் பாகங்கள் கேசி ஜூனியர் சர்க்கஸ் ரயிலுக்குப் போயின. குதிரைமேல் கால் தூக்கிப் போட முடியாதவர்களுக்கு அந்தக் குடைராட்டினத்தில் பல பத்தாண்டுகள் இடமே இல்லை. 2000களின் தொடக்கத்தில்தான் சில குதிரைகளை எடுத்துவிட்டு ஒரு பெஞ்சு வைத்தார்கள். ஓர் இருக்கை போவதும் வருவதும் சிறிய செய்தியாகத் தெரியலாம். பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றிவர ஆசைப்பட்ட ஒரு பாட்டிக்கு அது அந்த நாளின் பெரிய செய்தி.

இதற்கு முன்பே லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு மாற்றம் நடந்திருந்தது. சுரங்க விபத்தில் கால் செயலிழந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியாளரும் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் 1930களில் மடக்கும் சக்கர நாற்காலியை உருவாக்கினார்கள். இரும்புக் குழாய்ச் சட்டம், குறுக்காக மடங்கும் அமைப்பு; காரின் டிக்கியில் வைத்து எடுத்துப் போகலாம். வீட்டுக்குள் முடங்கியிருந்தவர் குடும்பத்தோடு பயணம் போக வழி திறந்தது இதனால்தான். 1968இல் மிச்சிகனைச் சேர்ந்த ஆலன் தீம், நரம்பு நோயால் நடக்கச் சிரமப்பட்ட தன் மனைவிக்காக மூன்று சக்கர மின்வண்டி ஒன்றைச் செய்தார். இன்று ஆர்லாண்டோவில் வாடகைக்கு எடுக்கும் ஸ்கூட்டர்களின் மூதாதை அது. நாற்காலி வாசல்வரை வந்துவிட்டது. வாசலுக்கு உள்ளே என்ன என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நல்ல விடை ஒன்று எதிர்பாராமல் கிடைத்தது. 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சியில் யுனிசெஃபுக்காக டிஸ்னி குழு ஒரு படகுச் சவாரியை அமைத்தது. பெருங்கூட்டத்தைத் தடங்கலின்றி நகர்த்த வேண்டும் என்பதற்காகத்தான் மிதக்கும் படகு. ஆனால் உயரக் கட்டுப்பாடும் குலுக்கலும் இல்லாமல் கைக்குழந்தையும் எண்பது வயதினரும் ஒரே பலகையில் உட்கார அது வழி செய்தது. 1966இல் டிஸ்னிலேண்டுக்கு இடம்பெயர்ந்தபோது ஆகப் பரபரப்பான சவாரிகளுக்குரிய 'ஈ' வகை டிக்கெட் அதற்கும் வைக்கப்பட்டது. அமைதியான படகுக்கு முதல்தர மதிப்பு கொடுத்த முடிவு அது.

டச்சுக்காரர்கள் இன்னும் துணிச்சலாக இருந்தார்கள். காட்ஸ்ஹூவெல் என்ற ஊரில் 1952இல் எஃப்டெலிங் பூங்கா திறந்த தேவதைக் கதைக் காட்டில், ஓவியர் ஆன்டன் பீக் வரைந்தபடி பத்துக் கதைகள் மரங்களுக்கு நடுவே உருவாயின. ஏறிச் சுற்ற வேண்டிய எந்திரம் இல்லை. நடக்கலாம், தள்ளிக்கொண்டு போகலாம், நின்று கதை சொல்லலாம். 1959இல் வந்த குண்டுப் பொம்மை ஒன்று, குழந்தைகள் நீட்டும் காகிதக் குப்பையை வாயால் உறிஞ்சி நன்றி சொல்லும். கதை சொல்லத் தெரிந்த தாத்தாதான் அந்தக் காட்டில் முக்கியமானவர்.

இதற்கிடையே போட்டி வேகத்தின் பக்கம் போனது. 1959இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன், இரும்புக் குழாய்த் தண்டவாளத்தில் ஓடிய முதல் ரோலர் கோஸ்டரானது. 1975இல் நாட்ஸ் பெர்ரி ஃபார்மிலேயே பயணிகளைத் தலைகீழாகச் சுழற்றும் கார்க்ஸ்க்ரூ வந்தது. உயரம் அளக்கும் கோல்கள் பெருகின. இதயநோய், முதுகுவலி எச்சரிக்கைப் பலகைகள் பெருகின. குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்க மற்றவர் ஏறிவிட்டு வந்து மாறிக்கொள்ளும் முறை பிறந்தது. அதனால் இளம் பெற்றோருக்குப் பயன் உண்டு. தாத்தா பாட்டிக்கு எதுவும் மாறவில்லை.

மாற்றியது போராட்டம். 1990 மார்ச் 12 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிக்கட்டுகளில், சக்கர நாற்காலிகளை விட்டிறங்கிய மாற்றுத்திறனாளிகள் கைகளால் ஊர்ந்து ஏறினார்கள். அதே ஆண்டு ஜூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. கடை, உணவகம், திரையரங்கு போலவே கேளிக்கைப் பூங்காவும் அதன் வரம்புக்குள் வந்தது. சவாரிகளுக்கான தனி விதிகள் உருவாக மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அவை கட்டாயமானது 2012 மார்ச் 15 முதல்தான்: புதிதாக நிறுவும் நிரந்தரச் சவாரி ஒவ்வொன்றிலும் சக்கர நாற்காலிக்கு ஓர் இடமாவது, அல்லது நாற்காலியிலிருந்து மாறி உட்கார வசதியான ஓர் இருக்கையாவது, அல்லது மாற்றிவிடும் கருவியாவது இருக்க வேண்டும். ஏறும் இடம்வரை படியில்லாப் பாதையும் வேண்டும்.

சட்டம் கேட்டதைத் தாண்டிப் போனவர் டெக்சாஸின் கார்டன் ஹார்ட்மன். வீடு கட்டி விற்கும் தொழில் செய்தவர். ஒரு விடுமுறையில் நீச்சல் குளத்தில் தன் மகள் மார்கன் மற்ற குழந்தைகளோடு விளையாட முயல, அவர்கள் விலகிப் போனதைக் கண்டார். மார்கனுக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. 2010இல் சான் அன்டோனியோவில், கைவிடப்பட்ட கல்குவாரி நிலத்தில் மார்கன்ஸ் வொண்டர்லேண்ட் திறந்தது. குடைராட்டினத்தில் சக்கர நாற்காலி அப்படியே ஏறி நிற்கும். மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 2017இல் பக்கத்திலேயே நீர்ப்பூங்கா வந்தது. மின்கலம் வைத்த நாற்காலி தண்ணீரில் நனையக் கூடாது என்பதால், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, அழுத்தக் காற்றில் ஓடும் நாற்காலியை அங்கே பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். குளிர்ந்த நீரைத் தாங்க முடியாதவர்களுக்காக நீரைச் சூடாக்கவும் ஏற்பாடு உண்டு. தனி மூலை ஒதுக்காமல் எல்லோரும் ஒரே இடத்தில் நனைவதற்காகச் செலவழித்த அக்கறை இது. பெரிய நிறுவனங்கள் இங்கே வந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

பெரிய பூங்காக்களிலும் சேர்ந்து செய்யத்தக்கவை கூடியிருக்கின்றன. டிஸ்னிலேண்டில் 1963 முதல் பாடும் எந்திரப் பறவைகளின் டிக்கி அரங்கில் எல்லோரும் உட்கார்ந்தே பார்க்கலாம். ஆர்லாண்டோ எப்காட்டில் பசுமைக்குடில்களுக்குள் போகும் படகில் சக்கர நாற்காலிக்கு இடமுண்டு. விவசாயம் தெரிந்த தாத்தா அங்கே பேரனுக்கு ஆசிரியராகிவிடுவார். 1998இல் திறந்த அனிமல் கிங்டம் சஃபாரி லாரியிலும் நாற்காலியோடு ஏறலாம். 2008இல் வந்த டாய் ஸ்டோரி குறிபார்க்கும் விளையாட்டில், நாற்காலியில் இருக்கும் பாட்டி பேத்தியோடு புள்ளிக்குப் புள்ளி போட்டியிட முடியும். பல சவாரிகளில் மின் ஸ்கூட்டரில் வருபவர்கள் வாசலில் சாதாரண சக்கர நாற்காலிக்கு மாற வேண்டியிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வரிசை விதிகளும் மாறியிருக்கின்றன. 2013 வரை டிஸ்னி பூங்காக்களில் இருந்த உதவி அட்டை, சிலர் காசு கொடுத்து மாற்றுத்திறனாளிகளைத் துணைக்கு அழைத்து வரிசையைத் தாண்டியதாகச் செய்திகள் வந்த பின் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த திட்டம் 2024இல் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கப்பட்டது. நடக்க முடியாதவர்கள் பொதுவரிசையிலேயே நாற்காலியோடு வரலாம், பாதை அகலமாகத்தான் இருக்கிறது என்பது நிறுவனத்தின் வாதம். பாதை அகலமானது உண்மை. ஆனால் வெயிலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதும், நடுவில் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதும் எண்பது வயதில் எளிதல்ல. சட்டத்தின் சலுகையிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. மாறி உட்காரும் இருக்கை ஒன்று இருந்தால் விதி நிறைவேறிவிடும். தோளில் வலுவில்லாத பாட்டியைத் தூக்கி வைக்கும் பொறுப்பு உடன் வந்தவர்களுடையது, பூங்கா ஊழியர்கள் தூக்குவதில்லை. நாற்காலியோடு அப்படியே ஏறும் சவாரிகளைப் புதிய பூங்காக்கள் முதலில் வரைந்து, மற்றவற்றைப் பிறகு வரையலாம். சிகாகோவின் அறுபது பேர் பெட்டிக்கும் மார்கனின் குடைராட்டினத்துக்கும் இடையே நூற்றுப் பதினேழு ஆண்டுகள் போய்விட்டன. இதற்குத் தேவையான பொறியியல் அறிவு எப்போதோ கைவசம் வந்துவிட்டது.