இருக்கன்குடி கதையை பாட்டிகிட்ட கேட்டிருக்கீங்களா? வாய்மொழி வரலாறு என்றால் என்ன, எப்படி பதிவு செய்வது?

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போகாத குடும்பம் சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் குறைவு. கோயில் எப்படி வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் ஒரு கதை வரும். சாணம் பொறுக்கப் போன பெண், இறக்கி வைத்த கூடையைத் திரும்பத் தூக்க முடியாமல் நின்றாள். அந்த இடத்தில் மண்ணுக்குள் அம்மன் சிலை இருந்தது. ஊர்ப் பெயருக்கும் ஒரு விளக்கம் உண்டு. அர்ஜுனா நதியும் வைப்பாறும் சேரும் இடம், அதனால் 'இரு கங்கை குடி' என்பார்கள்.

இதெல்லாம் அப்படியே நடந்ததா என்பது வேறு கேள்வி. யார், எதை, எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதும் ஒரு சான்றுதான். அப்படிப் பேசவைத்து, கேட்டு, பதிவு செய்து வைப்பதைத்தான் வாய்மொழி வரலாறு என்கிறார்கள்.

மண்ணில் கிடைக்காதது எது?

அதே வைப்பாற்றின் கரையில், வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-ல் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல், சுடுமண் உருவங்கள், பாசிமணி, பகடைக்காய் எல்லாம் கிடைத்தன. பகடைக்காய் கிடைத்துவிட்டது. அதை உருட்டியவர் என்ன சொல்லிக்கொண்டு உருட்டினார் என்பது எவ்வளவு ஆழம் தோண்டினாலும் வராது.

சிவகாசி காகிதத்தில் இருக்கிறதா?

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மறு வருஷமே சிவகாசியில் தொழில் ஆரம்பம். பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சுத்தொழில் வளர்ந்தது. பிறகு பட்டாசு, காலண்டர், டைரி. ஊர் உலகத்துக்கே காலண்டர் அடித்துக்கொடுத்த வட்டாரம் இது.

ஆனால் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய பெண்களின் நாட்கள் எந்தக் காகிதத்தில் இருக்கின்றன? 1980-களில் விடியும் முன்பே பஸ் வந்து கிராமத்துக் குழந்தைகளை தீப்பெட்டி ஆபீஸுக்கு ஏற்றிப்போனது ஆய்வுகளில் இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு இப்போது 50 வயது ஆகியிருக்கும். அவர்கள் சொல்லி யாராவது கேட்டார்களா? வெடி விபத்து நடந்தால் உயிரிழந்தோர் எண்ணிக்கை செய்தியில் வரும், நிவாரணத் தொகை வரும். ஒரு மாதம் கழித்து அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது வராது, டிவி செய்தியிலும்தான்.

இதற்கு முன் செய்தவர்கள் உண்டா?

கோவில்பட்டி பக்கம் இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பெரிய படிப்பு படித்தவர் இல்லை. கரிசல் மக்கள் பேசிய சொற்களைத் திரட்டி 1982-ல் அகராதியே கொண்டுவந்தார். நாட்டுப்புறக் கதைகளையும் சேகரித்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய புத்தகங்களோடு அழைப்பிதழ், நோட்டீஸ் வரை சேர்த்து வைத்தார். அவர் சேகரிப்புதான் இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அன்றைக்கு அவற்றைப் பழைய பேப்பர் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

நீங்க என்ன பண்ணலாம்?

கையில் இருக்கும் மொபைல் போதும். ஃபேனை நிறுத்திவிட்டு, போனை அவர்கள் பக்கத்தில் வையுங்கள். பேசுபவர் பெயர், ஊர், தேதி, கேட்பது யார் என்று ஆரம்பத்திலேயே சொல்லிப் பதிவு செய்யுங்கள். 'ரொம்ப கஷ்டப்பட்டீங்களா?' என்று கேட்டால் 'ஆமா' என்பதோடு முடிந்துவிடும். 'ஆபீஸுக்குப் போன முதல் நாள் என்ன சாப்பாடு கொண்டுபோனீங்க?' என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக நீளும். அவர்கள் சொல்லும் வார்த்தையைத் திருத்தாதீர்கள். நடுவில் அமைதியானால் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

ஃபேமிலி குரூப்பில் போடலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். கூலி, சண்டை, சாவு பற்றிச் சொன்னதை எல்லோரும் கேட்கவேண்டும் என்று அவர்கள் நினைக்காமல் இருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் மட்டும் வைத்தால் போன் மாறும்போது போய்விடும். பென் டிரைவில் ஒன்று, ஆன்லைன் டிரைவில் ஒன்று என இரண்டு காப்பி வையுங்கள். ஃபைலுக்குப் பெயரும் தேதியும் போடுங்கள். பழைய போட்டோ கிடைத்தால், அதில் இருப்பது யார் என்று அப்போதே கேட்டு, பின்பக்க ஓரத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை ஊறி முகத்தின் மேல் இறங்கிவிடும்.